நோக்கக் குறியீடு

வெளிநாட்டுப் பணம் வந்தால்
எதற்காக வந்தது என்று எழுதித் தரவேண்டும்.
அஸ்தம்பட்டி வங்கியில் அதற்கொரு படிவம்.
"என்னம்மா ஏற்றுமதி? காப்பியா, மிளகா?"
ஏற்காடு முகவரியைப் பார்த்தால்
யாருக்கும் வேறெதுவும் தோன்றுவதில்லை.

நான் அனுப்புவது ஒரு வாக்கியம்:
"நாற்பது நிமிடத்தில் ஆள் வந்துவிடுவார்."

ஹாலிஃபாக்ஸில் குளிர் முற்றினால் குழாய் வெடிக்கும்.
நிலவறையில் தண்ணீர் ஏற ஏற
அவர்கள் தட்டச்சில் பிழை கூடும்.
பிழையைப் படித்தே நீர்மட்டம் சொல்வேன்.
வால்வை மூடச் சொல்லி
கிளைடை அனுப்புவேன்,
அவன் இல்லையென்றால் தாடிக்கார ஷானை.
தாடி எனக்குப் படத்தில்தான் தெரியும்.

செம்மடுவில் எங்கள் குழாயில்
ஆறு நாளைக்கொரு முறை தண்ணீர்.
அவர்கள் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.

மார்கழி. பொழுது சாய்ந்த நேரம்.
ஒன்பதாம் கொண்டை ஊசியில்
சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன்
கேபிளைக் கவ்வி வெளியே போட்டது.
மலைமேல் எத்தனை வீட்டில்
மோடம் சிவந்ததோ,
என் வீட்டில் சிவந்தது.

மடிக்கணினியை மழைக்கோட்டில் சுருட்டி
வயிற்றோடு கட்டிக்கொண்டு
ஸ்கூட்டியில் இறங்கினேன்.
இருபது, பத்தொன்பது, பதினெட்டு,
பனியில் எண்பலகை மட்டும் மஞ்சளாக.
பதின்மூன்றாம் வளைவில் கைபேசிக்கு உயிர் வந்து
ஒற்றைக் கோடு. ஒற்றைச் செய்தி.
கூரை விளக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம்.

தொடாதீர்கள்.
மின்சாரத்தை அணையுங்கள்.
விறைத்த கட்டைவிரலால் அடித்து முடிப்பதற்குள்
சில்வர் ஓக் ஏற்றிய லாரி ஹாரன் அடித்துத் தீர்த்தான்.
"ரோட்டு நடுவுல என்னம்மா போனு?"
நியாயமான கேள்வி.
ஒதுங்கி நின்று அனுப்பினேன்.
சுற்றியது, சுற்றியது,
போய்ச் சேர்ந்தது.

அடிவாரச் சாவடியில் டார்ச் அடித்தார்கள்.
லாரியில் ஒவ்வொரு கட்டைக்கும் எண் எழுதியிருந்தது,
எண்ணிச் சரிபார்த்தார்கள்.
என்னிடம், "கோட்டுக்குள்ள என்ன?"
"ஒன்னுமில்லண்ணே, கம்ப்யூட்டர்."
"போ."

ஐந்து ரோட்டில் ரஸியாவின் ரீசார்ஜ் கடை.
ஷட்டரைப் பாதி இறக்கி
கவர்களுக்கும் சார்ஜர்களுக்கும் நடுவே
விடிய மூன்று மணிவரை உட்கார்ந்தேன்.
ரஸியா இரண்டு முறை டீ வாங்கி வந்தாள்,
ஒரு முறை திட்டினாள்.

ஐம்பத்திரண்டு நிமிடம் பதில் இல்லை.
அதற்கு நட்சத்திரம் நான்கு புள்ளி ஒன்பதிலிருந்து
நான்கு புள்ளி ஆறு.
அந்த வாரத்து இரவுகள் பாதி
செபுவில் இருக்கும் ஒருத்திக்குப் போயின.

அவளைத் திட்ட எனக்கு வாய் இல்லை.
ஐப்பசியில் அவள் ஊரில் புயல்.
கோபுரம் விழுந்து ஒன்பது நாள் அவள் இல்லை.
அந்த ஒன்பது நாள் இரவும் எனக்கு வந்தது.
அவள் கூரை இருந்ததா என்று கேட்காமல்
அந்தக் காசில்
செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜோடி கம்மல் எடுத்தேன்.
இப்போதும் காதில் கிடக்கிறது.

மூன்றாம் நாள் வளைவோரம்
சின்னக் கூடாரம் போட்டு
ஒரு பையன் மயிரிழையை மயிரிழையோடு ஒட்டினான்.
தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மினான்.
கீழே போகிற வழியில் நின்று பார்த்தேன்.
"வீட்டுக்குப் போய்ப் பாருங்கக்கா, வரும்."

வந்தது.
பச்சை எரிந்ததும் திரையில் முதலில்
செபுக்காரி விட்டுப்போன குறிப்பு:

"பதினெட்டாம் எண் வீட்டுப் பெரியவருக்குக் காது கேட்காது.
மணி அடித்தால் திறக்கமாட்டார்.
சன்னலைத் தட்டச் சொல்.
நாய் கடிக்காது."

படிவத்தில் 'பிற சேவைகள்' என்று எழுதிக் கொடுத்தேன்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்
எதைக் கேட்பதென்று தெரியாமல்
முத்திரை குத்தினார்.

அன்றிரவு பதினெட்டாம் எண்ணிலிருந்து செய்தி.
பிழை நிறைய. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருக்கும்.
கிளைடுக்கு எழுதினேன்:
சன்னலைத் தட்டு.