ஹாரிஸ்மித்தில் ஓர் இரவு

சாட்ஸ்வொர்த். ஞாயிறு பிற்பகல்.
வரைபடம் சுருளாமலிருக்க
ஊறுகாய் பாட்டில், டார்ச்,
அவள் கண்ணாடிக்கூடு,
நாலாம் மூலைக்கு என் முழங்கை.

நான் கரூவைக் கணக்கிடுகிறேன்.
பெட்ரோல் பங்க் இல்லாத நூற்றெழுபது கிலோமீட்டர்;
இரண்டு ஸ்டெப்னி, இருபது லிட்டர் தண்ணீர்.
ஸ்வார்ட்பெர்க் கணவாய் முழுக்கச் சரளை,
மழை வலுத்தால் மூடிவிடுவார்களாம்.
வளைந்து வளைந்து ஏறினால் கோகிலத்துக்குக் குமட்டும்:
இஞ்சி மிட்டாய், எழுதியாயிற்று.

"முதல் ராத்திரி இங்கே."
அவள் விரல் ஹாரிஸ்மித்தில்.

"கிளம்பி மூணு மணி நேரம்கூட ஆகாதே!
மலையா, பாலையா,
அங்கே நமக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை.
கிம்பர்லி போறப்ப
அப்பா பர்மிட்டைச் சட்டைப்பையில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.
ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியன் தங்கக்கூடாது,
இருட்டுறதுக்குள்ளே எல்லை தாண்டணும்.
எனக்கு ஏழு வயசு.
அடக்க முடியலைன்னு அழுதேன்.
அவர் நிறுத்தலை."

டார்ச்சை எடுத்துப் பகலில் ஒருமுறை எரியவிட்டு அணைத்தாள்.
அந்த மூலை சுருண்டுகொண்டது.

கரூவில் ஒரு நாளை அடித்தேன்.
ஹாரிஸ்மித்: அறை ஒன்று, ஆள் இருவர்.

"காலையில் எழுப்பாதே," என்றாள்,
"பத்து மணி வரைக்கும் தூங்குவேன்."