பின்பக்கத்துப் பார்வையாளர்

முப்பத்தாறாவது வருடமாம். வாசல் பலகையில்
எண்ணை மட்டும் புதிதாக எழுதியிருக்கிறார்கள்.
சீட்டு இருநூற்று எண்பது ராண்ட்,
கம்பளி வாடகை தனி.
நான் வீட்டுக் கம்பளியைச் சுருட்டி வந்திருந்தேன்,
தெர்மாஸில் தேநீர்,
ஆறிப்போன சமூசா எட்டு.

மூயி ரிவரில் டிசம்பர் இரவும் குளிரும்.
குன்றைச் செதுக்கிய படிகளில் அறுநூறு பேர்,
பாதிப் பேர் தலையில் கௌபாய் தொப்பி.
பண்ணைக்காரர் ஒருவர் ஒரே ஒரு மாதம் அமெரிக்கா போய்வந்து
நேட்டால் புல்வெளியில் மொந்தானாவைக் கட்டினாராம்.
கையேட்டில் 'மரபு' என்ற சொல் ஒன்பது இடத்தில் வருகிறது.
எண்ணினேன். ஆரம்பிக்க நேரமிருந்தது.

"முதல்முறை வந்தவர்கள் கை தூக்குங்கள்!"
மேடையிலிருந்து தொப்பிக்காரர்.
நான் தூக்கினேன்.
பூபாலன் தூக்கவில்லை.
விலாவில் இடித்தேன்.
தலையை ஆட்டினார், இல்லை என்று.

பிறகு பிடில் எழுந்தது,
பாஞ்சோ அதை விரட்டிக்கொண்டு வந்தது.
ஆறு குதிரை, ஒரு கூண்டு வண்டி,
ரயில் வரும் பாட்டு, மழைப் பாட்டு
(வந்தது மூடுபனி).
என் கால் தானாகத் தாளம் போட்டது,
வெட்கமாகத்தான் இருந்தது, நிறுத்தவில்லை.
இவரோ தப்பான இடங்களில் சிரித்தார்.
ஷெரிஃப் நெஞ்சைப் பிடித்துச் சரிகிறார்,
முன்வரிசையில் ஒரு குழந்தை விசும்புகிறது,
இவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்.

"இப்போ எழுந்திருப்பான் பார்."
எழுந்திருக்கவில்லை.
வெளிச்சம் நகர்ந்து பாடும் விதவைமேல் போய் நின்றது.
"எங்களுக்கு எழுந்திருப்பான்" என்றார்.

எங்களுக்கு.
அதை அவிழ்க்க இடைவேளை வரை ஆனது.

எண்பத்து நாலு. இவருக்குப் பதினாலு வயது.
யார் உள்ளே வரலாம் என்று
வாசலில் இரண்டு மொழியில் பலகை.
கோகிலன், சுப்பிரி, இவர்,
ஊமைத்தம்பி என்று பெயரெடுத்த ஒரு வாயாடி.
சனிக்கிழமைதோறும் ரயில் மேட்டில்,
வாட்டில் மரங்களுக்கு நடுவே,
மேடையின் முதுகைப் பார்த்தபடி.
அங்கிருந்து மலை என்பது முட்டுக்கொடுத்த பலகை.
மதுக்கடைக்கு உள்ளே கிடையாது.
செத்தவர்கள் தவழ்ந்து வந்து
மலைக்குப் பின்னால் சிகரெட் பற்றவைத்தார்கள்.
நாற்பது தடவைக்கு மேல்.
ஒரு முகமும் தெரியாது, எல்லாப் பாட்டும் மனப்பாடம்.

இன்னொன்றும் சொன்னார், சமூசாவைக் கடித்துக்கொண்டே.
அன்றைய கதையில் இண்டியன்களும் உண்டாம்,
இறகு வைத்த பன்னிரண்டு பேர்.
கொக்கோவும் வாசலினும் குழைத்து
வெள்ளைக்காரப் பையன்கள்
ஒருவர் முதுகில் ஒருவர் பூசிக்கொள்வார்களாம்.
நிறம் கொஞ்சம் தூக்கல் என்பானாம் சுப்பிரி.
கோகிலன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து
கையை நீட்டி ஒத்துப்பார்ப்பானாம்.
எங்கள் அட்டையிலும் அதே சொல்தான்,
இறகு மட்டும் இல்லை.

அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள்.
இப்போது அந்த இடத்தில் தட்டுநடனம்.

ஒன்பது மணிக்கு, சொல்லிவைத்த நேரத்துக்கு,
மின்வெட்டு.
பிடில் பாதி வில்லில் நின்றது.
அறுநூறு பேர் இருட்டில்
குதிரைகள் மூச்சுவிடுவதைக் கேட்டோம்.
இவர் விட்ட இடத்திலிருந்து மெல்லப் பாடினார்.
அன்று காற்று தின்ற சொற்களின் இடத்தில்
பையன்கள் இட்டு நிரப்பிய சொற்கள்:
விதவை அழுதது
எங்கள் பள்ளித் தலைமையாசிரியரை நினைத்து,
காதலன் திரும்பி வந்தது
அரை ரொட்டியும் பீன்ஸ் கறியும் வாங்கிக்கொண்டு.

ஜெனரேட்டர் இருமி, உறுமி, பிடித்தது.
எல்லா விளக்கும் ஒரே நேரத்தில்.
நடுமேடையில், சற்றுமுன் சுடப்பட்டுச் செத்த கொள்ளைக்காரன்
எழுந்து உட்கார்ந்து, ஒரு பூட்ஸைக் கழற்றி,
பாதத்தைச் சொறிந்துகொண்டிருந்தான்.

குன்றே சிரித்தது.
இவர் சிரிக்கவில்லை.
எழுந்து நின்றார், மடியிலிருந்து கம்பளி நழுவ,
ஒரு கையை உயரத் தூக்கினார்.

அவன் பார்த்தான்.
பூட்ஸை ஒருமுறை ஆட்டிக் காட்டிவிட்டு
மாட்டிக்கொண்டு,
முறையாக மறுபடி செத்தான்.

"உட்காருங்கள்" என்றார்கள் பின்னாலிருந்து,
"எங்களுக்கு மறைக்கிறது."