பத்தொன்பதிலிருந்து இருபத்தாறு

தியெரியின் புதுப்படகு எங்களைத் தாண்டும்போது
அவன் கை அசைப்பதில்லை.
அவன் பயணிகள்தான் அசைக்கிறார்கள்.
த்ரூ தோ தூஸ் துறையிலிருந்து மான் தீவுக்கு
அவன் மூன்று நடை அடிக்கும் நேரத்தில்
எங்களுக்கு இரண்டு.

எங்கள் படகுக்கு முப்பத்தோரு வயது.
ஓட்டல் ஒன்று கழித்துப்போட்டதை
நானும் மூட்டுகர்ப்பனும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.
முத்துக்கருப்பன் என்று கூப்பிட்டால் அவர் திரும்ப மாட்டார்;
எந்தக் குமாஸ்தாவோ எழுதிவைத்த பெயருக்கே
பழகிப்போனது குடும்பம்.
வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு வராது.
படகில் அவர் பாதிக்காரர்.

எஞ்சினை மாற்று என்றது கரை முழுதும்.
நூற்றைம்பது குதிரை போடு, பறக்கும்.
குதிரைக்குப் பணம் வேண்டும்.
எங்களிடம் இருந்தது ஒரு ஸ்பேனர் பெட்டியும்
ஆள் வராத ஜூலை மாதமும்.

முதலில் அடிவயிற்றைச் சுரண்டினோம்.
கொட்டலசு, பாசி, பழைய பெயின்டின் ஐந்து நிறம்.
ஒரு நாட் கூடியது.
பாட்டரியை முன்னுக்கு நகர்த்தினோம்,
மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் திமிர் அடங்கியது.
எஞ்சினை ஒரே ஓர் ஓட்டை மேலே ஏற்றிப் பூட்டினோம்,
பெருவிரல் அகலம்தான்.
இன்னொரு நாட்.

ப்ரொப்பெல்லரில்தான் சண்டை.
பழையதற்குப் பிட்ச் பதினேழு.
சுற்றுக்குப் பதினேழு அங்குலக் கடலை விழுங்கச் சொன்னால்
எஞ்சின் நாலாயிரத்து நானூறிலேயே
மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது.
பதினைந்து போடு என்றேன்.
வேகம் வேணும்னா பெரிசாத்தானே கடிக்கணும் என்றார்.
பல் போன வாய்க்குச் சின்னக் கவளம் என்றேன்.
எதை நினைத்துக்கொண்டாரோ,
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள் ஜோஸ்லின் பட்டறையில்
பதினைந்தை இரவல் வாங்கிவந்து
என்னைப் பார்க்காமலே மாட்டினார்.

ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று.
இருபத்துமூன்று நாட்.
அலையோடு ஓர் ஓட்டம், அலையை எதிர்த்து ஓர் ஓட்டம்,
கூட்டி இரண்டால் வகுத்தது.
போனில் வேகம் பார்ப்பது என் வேலை.
கணக்கில் நான் பொய் சொல்வதில்லை.

அப்புறமும் படகு கனத்தது.
ஒருவரும் ஏறாதபோதே
இரண்டு பேர் ஏறினாற்போல் உட்கார்ந்திருந்தது.
தளத்தை ரம்பத்தால் அறுத்தோம்.
உள்ளே நுரைப்பஞ்சு;
மூழ்காதிருக்கவென்று கட்டும்போதே அடைத்தது.
பிழிந்தேன். கடல் வந்தது.
முப்பத்தோரு வருஷமாய்ச்
சொட்டுச் சொட்டாய்க் குடித்துவைத்துக்கொண்டு
டிக்கெட் வாங்காமல் போய்வந்திருக்கிறது.

பெயர்த்துக் கொண்டுவந்து கொல்லையில் குவித்தோம்.
மீன் தராசில் துண்டு துண்டாய் நிறுத்தேன்.
நூற்றுத் தொண்ணூறு கிலோ வந்ததும்
வயிற்றெரிச்சலில் நிறுப்பதை விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, புதுத்தளம் போட்டு,
இருபத்தாறு.
தீவுக்குச் சற்று முன்னால்
தியெரியின் பக்கவாட்டில் சரிசமமாய் ஓடினோம்,
ஒரு நிமிடம் இருக்கலாம்.
திரும்பிப் பார்த்தான்.
மூட்டுகர்ப்பன் நேரே பார்த்து ஓட்டினார்.
நான் அசைத்தேன், இரண்டு கையாலும்.
பிறகு அவன் லிவரைத் தள்ளினான்,
போய்விட்டான்.

சாயங்காலம் கொல்லைக்குப் போனேன்.
காற்றில் காய்ந்த பஞ்சு
ஒற்றைக் கையில் தூக்கும்படி இருந்தது.
குடித்ததையெல்லாம் அது கக்கியிருந்த இடம்
கறிவேப்பிலை மரத்தடி.
தமிழ் தெரியாதவர்களும் இந்த ஊரில்
கரிபுலே என்று
பாதித் தமிழில் கேட்டு வாங்கிப்போகிற மரம்.
மஞ்சளாய்க் கொட்டிக் கிடந்தது.
மண்ணில் வளையமாய் உப்பு.

குழாயைத் திறந்துவிட்டேன்.
அவர் வந்து நின்றார்.
பிழைக்குமா என்றார்.
தெரியவில்லை என்றேன்.
ரசத்துக்கு?

இரண்டு கொத்து
தியெரி வீட்டில் கேட்டு வாருங்கள்.