நாலு கம்பத் தூரம்

பாதி உடம்புக்குத்தான் வியர்க்கும் எனக்கு.
நெஞ்சுக்கு மேலே சட்டை நனைந்து ஒட்டும்.
கீழே ஒரு சொட்டும் இல்லை.
உப்புவெளி தாண்ட முன்னர்
ஈரத் துவாயைத் தொடைமேல் விரித்துக்கொள்வேன்,
யாரோ என்னை நம்பித் தந்துவிட்டுப் போன கால்கள் போல.

கிண்ணியாவில் ஹில்மி ஒட்டித் தந்த சைக்கிள்.
இரண்டு பழைய சைக்கிளும்
ஒரு சக்கர நாற்காலியின் பின்பாதியும்.
பெடல் நெஞ்சுக்கு நேரே.
"கையால மிதிக்கிறதுக்கு என்ன பேர்?" என்று கேட்டான்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.
சுற்றுகிறேன் என்றால்
ஊர் சுற்றுகிறேன் என்றாகிவிடும்.
மிதிக்கிறேன் என்றே சொல்கிறேன்.
கைகள் கோபிக்கவில்லை.

முதல் மாதம்
கடற்கரை வீதியில் மான்கள்கூட என்னை முந்தின.
குப்பைத் தொட்டியில் வாய் வைத்தபடி ஒன்று
திரும்பிப் பார்த்தது,
பிறகு தன் வாழைப்பழத் தோலைப் பார்த்தது.
இரவில் தோள்மூட்டு தூங்கவிடாது.
வலிக்கிற இடம் ஒன்று இருப்பதே
அப்போது எனக்குச் சொத்து.

காசு சேர்ப்பது காற்று மெத்தைக்கு.
வாட்டில் பக்கத்துக் கட்டில் அமலதாஸ்,
பாலையூற்று.
முதுகு முறிந்து சாகவில்லை அவன்.
ரூபாய்க் குற்றி அளவில் தொடங்கிய படுக்கைப் புண்
மெல்ல மெல்ல எலும்பைத் தேடிப் போனது.
குச்சவெளி போய் வர எழுபது கிலோமீற்றர்,
கிலோமீற்றருக்கு நூறு ரூபாய்.
சீ.ஆர். கொப்பியில் பெயர்கள்:
வங்கி முகாமையாளர் பத்து,
பேக்கரி ஐந்து,
சல்லி மீன்வாடி ஒன்றிலிருந்து
காசுக்குப் பதில் நாலு கிலோ கருவாடு.
அதையும் விற்றேன். வாசம் மட்டும் கொப்பியில் நிற்கிறது.

பதினொரு வருடம் மின்சார சபையில் லைன்மன்.
கம்பத்துக்குக் கம்பம் ஐம்பது மீற்றர்,
மீற்றர் பெட்டி எனக்குத் தேவையில்லை.
நிலாவெளிக்கு அப்பால் ஒன்றை மட்டும் எண்ணாமல் விடுவேன்.
கம்பி அறுந்த மழை இரவில்
நான் கீழே வந்த கம்பம்.
அதனால் என் கணக்கில்
ஐம்பது மீற்றர் எப்போதும் குறையும்.
கொடுத்தவர்களுக்கு நட்டமில்லை, எனக்குத்தான்.

கச்சான் காற்று முதுகில் தள்ளிய நாள்.
பஸ் தரிப்பிடத்தில் மூச்சு வாங்க நின்றேன்.
குடை பிடித்த பெண்ணொருத்தி
மடியில் இருபது ரூபாயைப் போட்டுவிட்டு
முகம் பாராமல் நகர்ந்தாள்.
"நில்லுங்கோ, பற்றுச்சீட்டு."
"என்னத்துக்கு?"
"இது பிச்சை இல்லை. இருநூறு மீற்றர்."
நோட்டைப் பார்த்தாள், சைக்கிளைப் பார்த்தாள்.
"இருநூறு மீற்றர்னா எதுவரைக்கும்?"
"நாலு கம்பம்."
"அப்ப நானும் வாறன். ஏமாத்தக் கூடாதே."
பெயர் மஸாஹிரா என்று எழுதச் சொன்னாள்,
எழுத்தைச் சரிபார்த்தாள்.

மிதித்தேன். அவள் நடந்தாள்.
குடை என் பக்கம் சாய்ந்ததைக்
காற்று என்றுதான் நினைத்தேன்.
ஒன்று.
இரண்டு.
அடுத்ததில் வாயை மூடிக்கொண்டேன்.
கண்ணும் தார் வீதியில்.
அதற்கடுத்ததில், "மூன்று."
"நாலு," என்றாள்.
"மூன்றுதான்."
"கண் தெரியாதா உங்களுக்கு?
அங்க பாருங்க, காக்கா இருக்கிறது மூணு.
இது நாலு."

திரும்பிப் பார்த்தேன்.
மற்றக் கம்பங்களைவிட உயரமில்லை அது.
காகம் கம்பியில்
இடம் மாறி உட்கார்ந்தது.

"நாலு," என்றேன்.
"என்ட காசு முடிஞ்சு. போயிட்டு வாங்க,"
குடையை நிமிர்த்திக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

வரும்போது கச்சான் முகத்தில் அறைந்தது.
எழுபது கிலோமீற்றர்,
ஒரு கம்பமும் குறையாமல்.
இரவு கைக்கண்ணாடி பிடித்து
பின்புறம் முழுக்கத் தேடினேன்.
சிவப்பு எங்கும் இல்லை.
இடது குதிக்காலில் மட்டும் ஒரு நிழல்,
நாளைக் காலையில் மறுபடி பார்க்க வேண்டும்.