திருப்பித் தர வேண்டிய சட்டை

எழும்பூர், கென்னட் லேன், லாட்ஜின் மூன்றாம் மாடி.
இரண்டு நாள் என்று சொல்லி எடுத்த அறை.
கையெழுத்துப் போட வேண்டியவர்
மகள் கல்யாணத்துக்கு விடுப்பில் போய்விட்டார்.
ஆறாம் நாளாக ஜன்னல் கம்பியில்
உள்ளங்கை அகல ஜட்டிகள் காய்கின்றன.

பதினான்கு மாதம் என்றது காப்பகத்துத் தாள்,
பல்லைப் பார்த்து டாக்டர் போட்ட கணக்கு.
அழவே மாட்டாள், தொந்தரவு இல்லாத பிள்ளை என்று
பெருமையாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள்.
அந்தப் பெருமைதான் விஜிலாவை
ராத்திரியெல்லாம் உட்காரவைத்திருக்கிறது.
மூன்று மணிக்குத் திரும்பினால்
விழித்தபடி கிடக்கிறாள்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு,
யாரையும் கூப்பிடாமல்.

விளக்கை அணைத்தால் உடம்பு விறைக்கிறது.
அங்கே டியூப்லைட் அணைந்ததே இல்லையாம்.
நாங்களும் வெளிச்சத்தில் தூங்கப் பழகுகிறோம்.
ஜெபின் என் கைக்குட்டையைக் கண்ணில் கட்டிக்கொள்கிறான்.
ஏழு வயது. தங்கச்சிக்கென்று
நாகர்கோவிலிலிருந்து தன் மர லாரியைச் சுமந்துவந்தவன்.
லாரியை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.
அதில் கட்டியிருந்த கயிறு
மூன்று நாளாக அவள் கையில்.

இன்னொரு கைக்குள் பாதி இட்லி, தூக்கத்திலும்.
பிடுங்கக் கூடாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.
எறும்புக்காகக் கட்டில் காலைச் சுற்றி
மஞ்சள்பொடி தூவினேன்.
"என்ன சார், பூஜையா?" என்றான் ரூம் பையன்.

ஸ்டேஷன் அறிவிப்பு மட்டும் அவளுக்குப் பிடிக்கிறது.
வண்டி எண் என்று அந்தக் குரல் தொடங்கியதும்
தலை சாய்த்துக் கேட்கிறாள்.
தாமதத்துக்கு வருந்துகிறோம் என்பதை
அவளுக்காகவே சொல்வதுபோல.
எங்கள் ஊர் இழுவையில் மக்களே என்று கூப்பிட்டால்
கதவைப் பார்க்கிறாள்,
வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று.

படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம்.
எஸ்தர், விஜிலா ஜெபினுக்கும் முன்பிருந்தே
சேர்த்துவைத்திருக்கும் பேர்.
காப்பகத்தில் கூப்பிட்டது சங்கவி.
யார் வைத்தது என்று கேட்டோம்.
அந்த மாசம் வந்த பிள்ளைகளுக்கெல்லாம்
ச வரிசை சார், என்றார் கிளார்க்.
பேனாவைத் திறந்தபோது ஜெபின் சொன்னான்:
"அவளுக்கு அது தெரியும்லாப்பா.
அது ஒண்ணுதானே தெரியும்."
சங்கவி என்று எழுதினேன்.
கட்டத்தில் மிஞ்சிய இடத்தில்
நெருக்கி, எஸ்தர்.

பிறகு அந்தச் சட்டை.
போட்டுவந்ததைத் துவைத்துத் திருப்பித் தரணும், அது விதி.
வெளிறிய நீலம். காலரில் மார்க்கரால் 17,
தொட்டிலின் எண்.
விஜிலா துவைக்கவில்லை. பாலிதீன் பையில் முடிந்து
பெட்டிக்கு அடியில் வைத்தாள்.
ரங்கநாதன் தெருவில் அரை நாள் அலைந்து
அதே நீலத்தில் ஒன்று வாங்கி
17 என்றும் எழுதினாள், கள்ளக் கையெழுத்துப் போடுகிறவள்போல
நாக்கைக் கடித்துக்கொண்டு.

ஆயா கன்னியம்மா விரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டார்.
"புதுசும்மா இது. புதுசு குத்தும்.
பழசுதான் பிள்ளைங்களுக்கு மெத்துன்னு இருக்கும்.
பதினேழுக்கு ஒரு பையன் வந்திருக்கான், நேத்து."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
சாயங்காலம் லாட்ஜ் வாளியில்
விஜிலா அதைத் துவைத்தாள்,
மூன்று தண்ணீர் மாற்றி.

ஒன்பதாம் நாள் ராத்திரி
ஜெபின் புரண்டு படுத்ததில் கயிறு நழுவியிருக்கிறது.
முதலில் ஒரு முனகல்.
நிறுத்தி, எங்களைப் பார்த்தாள்.
பிறகு வாய் திறந்து
மாடி முழுக்கக் கேட்கும்படி,
கயிறு திரும்பக் கைக்கு வந்த பிறகும் விடாமல்.
விஜிலா தோளில் போட்டுக்கொண்டு
கதவுக்கும் ஜன்னலுக்கும் நடக்கிறாள், ஓடாத குறையாக.
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.
இரண்டு முறை.
நானும் திருப்பித் தட்டினேன்.