முதல் அறிவிப்பு

டுலூத் நகராட்சி, இரண்டாம் தளம்.
சன்னலுக்கு வெளியே ஏரி கரையோரம் உறைந்து கிடக்கிறது.
உள்ளே நாங்கள் முப்பத்தொரு ஆண்டுக் காகிதத்தைக்
கணினிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

கட்டட அனுமதிக்கு இனி வரிசை இல்லை.
வரைபடத்தை வீட்டிலிருந்தே அனுப்பலாம்.
தீயணைப்பு, கழிவுநீர், மின்சாரம்
மூன்று மேசையும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பார்க்கும்.
முன்பு அது மேசைக்கு மேசை நடந்தது;
ஒருமுறை கழிவுநீர்ப் பிரிவில் ஒன்பது வாரம்
காபிக் குவளைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.
வெய்னோ ஹக்கலா தன் கொட்டகைக்கு அனுமதி வாங்குவதற்குள்
அதில் நிறுத்த நினைத்த படகை விற்றுவிட்டார்.
(இதைச் சொல்லி நாங்கள் சிரிப்போம். அவர் சிரித்ததில்லை.)

என் வேலை முகவரிகள்.
மென்பொருளுக்கு ஒரு வீடு என்றால் ஒரு வீடு.
மனிதர்கள் அப்படி எழுதுவதில்லை.
இவை ஒன்றா என்று அது கேட்கும்.
ஆம், இல்லை, பிறகு.
நாளுக்கு இருநூறு முறை ஆம் என்பேன்,
திருமணப் பதிவாளரைப் போல.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கேட்டது:
வடக்கு ஹார்லோ தெரு 418
418 ஹார்லோ வ., பின்கட்டு
418½ ஹார்லோ
ஹார்லோ தெரு சலவைக்கடைக்குப் பின்னால் பச்சை வீடு
இவை ஒன்றா?

நான்கு குளிர்காலம், நான்கு புகார்.
முதலில் ஒரு மாணவன்: கொதிகலன் இரவில் அணைந்துவிடுகிறது.
அடுத்து யாரோ, பெயரில்லை:
படுக்கையறைச் சன்னலை ஆணியடித்து மூடியிருக்கிறார்கள்.
மூன்றாவது ஒரு செவிலியர்,
பணிக்கு நடுவே எழுதியிருக்க வேண்டும்,
பாதி வாக்கியத்தில் நிற்கிறது.
நான்காவது, போன மாதம், ஹோதன் வர்சமே:
அடுப்புக் கதவைத் திறந்துவைத்து
அதன் முன்னால் பிள்ளைகளைத் தூங்கவைக்கிறேன்.
ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

நான்குக்கும் நடவடிக்கை எடுத்திருக்கிறோம்.
வீட்டு உரிமையாளர் ராய்ஸ் டெல்லெஃப்சனுக்கு ஒரே கடிதம்:
அன்புடையீர், இது முதல் அறிவிப்பு.
முப்பது நாட்களுக்குள் சரிசெய்யவும்.
இரண்டாம் அறிவிப்புக்குத்தான் அபராதம்.
மூன்றாவதற்கு வாடகை உரிமம் போகும்.
நான்கு முறையும் முதல்.
ஒவ்வொரு குளிர்காலமும் அவரை
அன்று பிறந்த பிள்ளையாய் எடுத்துக் கொஞ்சியிருக்கிறோம்.

பொய் சொன்னவர் யாருமில்லை.
ஆய்வாளர் வெர்னா போனார், பார்த்தார், எழுதினார்;
எழுதியது 418½ என்ற உறைக்குள் போனது.
அடுத்த ஆண்டு இன்னொருவர் 418ஐத் திறந்தார்.
வெற்று உறை. மாசற்ற வீடு.

ஆனால் பச்சை வீடு
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழி அது.
நான்கு கடிதத்தின் அடியிலும் தட்டச்சு செய்தவரின்
இரண்டு சிறிய எழுத்துகள்.
என்னுடையவை.

ஆம் என்று அழுத்தினேன்.
நான்கு வரியும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து ஒன்றாயின.
ஓரத்தில் சிவப்பில் ஒரு எண்: 4.
கணினிக்குக் கோபமில்லை. எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.
எங்களிடம் இல்லாமற்போனது அது ஒன்றே என்று
சொல்லிக்கொள்ள ஆசை.

மூன்றாம் அறிவிப்புக்கான படிவத்தைத் திறந்தேன்.
யாரும் திறந்ததில்லை போலும்.
கையெழுத்திடுமிடத்தில்
இரண்டு மேயருக்கு முந்தைய மேயரின் பெயர்.
அதைத் திருத்தினேன். தேதியைத் திருத்தினேன்.
அன்புடையீர் என்பதை எடுத்தேன், பிறகு
விதிப்படி திரும்பப் போட்டேன்.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
தபால் வண்டி நாலரைக்கு.
அதற்கு முன் புகாரிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன்.
ஒரு சிறுமி எடுத்தாள்.
அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள், என்றாள்.
பின்னால் ஏதோ மின்விசிறியின் உறுமல், அடுப்பினுடையதாக இருக்கலாம்.
நீங்கள் யார், என்றாள்.
நகராட்சி, என்றேன்.
மறுபடியுமா, என்றாள்.