நூற்று நாற்பத்து நான்கு

மூன்று மாதம்
அதை அழுக்கென்றே நினைத்திருந்தேன்.

என் மகள் நிஞ்ஜினின் பின்கழுத்தில்
ஒரு கருந்திட்டு.
ஞாயிறுதோறும் வெந்நீர், சோப்பு, முரட்டுத் துண்டு.
"வலிக்குதும்மா" என்பாள்.
"ஒழுங்காக் குளிக்கத் தெரியலை உனக்கு" என்பேன்
பதிமூன்று வயதுப் பெண்ணிடம்.
தோல் சிவந்தது.
கருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

டாக்டர் சரங்கெரெல்
நாங்கள் கதவைச் சாத்துவதற்குள் பார்த்துவிட்டார்.
"தேய்க்காதீங்க" என்றார்.
"அது வெளியிலிருந்து ஒட்டினதில்லை.
உள்ளே இன்சுலின் கூடிப்போனா
கழுத்து காட்டிக்கொடுத்துடும்."
நான் என் கைகளை
கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

ஜனவரி.
உலான்பாதரில் சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
மேட்டுக் கூடார வீடுகளின் அடுப்புகள்
நிலக்கரியைத் தின்று
நகரத்தின் மேல் மூச்சுவிடும் மாதம்.
பள்ளிக்கூடம் மூடியாயிற்று.
கைபேசியில் காற்றின் எண் நானூற்று எழுபது.
ஜன்னல் இடுக்குகளில் டேப் ஒட்டியவள் நான்.
"வெளியே காலெடுத்து வைக்காதே" என்றவளும் நான்.
நுரையீரலுக்குப் பயந்துதான்
அவளை உட்கார வைத்தேன்
சோபாவின் இடது மூலையில்,
மடியில் திரை, பக்கத்தில்
இரண்டு லிட்டர் ஆரஞ்சு சோடா.
அந்த மூலையில் இப்போது ஒரு குழி.
யார் உட்கார்ந்தாலும்
அவள் அளவுக்கே உள்வாங்கும்.

"ஓடுற தசை சாவிக்காகக் காத்திருக்காது" என்றார் டாக்டர்.
"இன்சுலின் வந்து தட்டலைன்னாலும்
சர்க்கரையைத் தானே உள்ளே இழுத்துக்கும்.
ஓட விடுங்க."
"எங்கே?" என்றேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலில் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது.
பிறகு மருந்துச் சீட்டில்
'தினம் ஒரு மணி நேரம் அசைவு' என்று எழுதித் தந்தார்.
எந்தக் கடையில் வாங்குவது அதை?

வெள்ளிக்கிழமை எங்கள் லிப்ட் நின்றது.

நாங்கள் ஒன்பதாம் மாடி.
முதல் நாள் ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டாள்,
முகம் அவித்த மாவு நிறம்,
முழங்காலில் தலை.
அங்கே ஆட்டுக்கறி வேகும் வாசம்,
யாரோ வீட்டுப் பூனையின் வாசம்.
"எத்தனை படி இருக்கும்மா?"
எனக்குத் தெரியாது.
பதினொரு வருடமாக இங்கே குடியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை லிப்ட் ஓடத் தொடங்கியது.
அவள் அதில் ஏறவில்லை.
எண்ணி முடித்திருந்தாள்: நூற்று நாற்பத்து நான்கு.
எண்ணியதை விட்டுவிட மனசில்லை போலும்.
இறங்கி, ஏறி, இறங்கி,
ஒவ்வொரு தளத்துச் சுவரிலும் சாக்கட்டிக் கோடு.
ஆறாம் மாடி உர்னா சண்டைக்கு வந்தாள்,
"உன் பெண்ணு என் தலையில மேளம் அடிக்கிறா."
அடுத்த வாரம்
அவளுடைய இரண்டு பையன்களும் படிக்கட்டில்.
மூன்றாம் மாடிச் சிறுமி
யாரும் கூப்பிடாமலே ஒட்டிக்கொண்டாள்
உள்காலுறையோடு.

சொல்லிக்கொள்ளும்படி ஏதும் நடந்துவிடவில்லை.
வெள்ளை மாதப் பண்டிகைக்கு
கொழுக்கட்டை பதினெட்டு தின்றாள்,
நான் எண்ணினேன், தடுக்கவில்லை.
இரண்டு நாள் அழுதுகொண்டு படுத்திருந்தாள்,
வகுப்பில் எவனோ ஒருவன்
அவள் கழுத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தான்.
ஏப்ரலில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள்.
எடை குறைந்தது அரைக் கிலோ.
இன்சுலின் எண்ணுக்குக் கீழே
டாக்டர் ஒரு கோடு போட்டார்,
"கீழே வருது, விடாதீங்க."
திட்டு கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்கிறேன் நான்.
இல்லவே இல்லை என்கிறாள்,
தன் பின்கழுத்தைத் தானே பார்க்க முடியாதவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
இப்போது தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன்.

நேற்று அவளோடு நானும் ஏறினேன்.
நாலாம் மாடியில் நெஞ்சு அடைக்க
கைப்பையைத் திறந்து
சாவியைத் தேடுவதுபோல் நின்றேன்.
மேலே காலடிகள் நின்றன,
திரும்பி இறங்கின.
கைப்பிடிக் கம்பியின் மேல் சாய்ந்து பார்த்தாள்,
மூச்சு வாங்காமல்.
"அம்மா, சாவி உன் கையிலதான் இருக்கு."